அந்தரங்க அரிப்புக்கு மெடிக்கல் ஷாப் மருந்தும் அடுக்களை வைத்தியமும்: எது தேறும், எது தேறாது

மெடிக்கல் ஷாப் கவுன்ட்டரில் குரலைத் தாழ்த்தி "கீழே அரிப்பு" என்று சொன்னால் மூன்றில் ஒன்று கைக்கு வரும்: அந்தரங்கப் பகுதியைக் கழுவும் ஒரு வாஷ் பாட்டில், குளோட்ரிமசோல் என்னும் பூஞ்சைக்கொல்லி மாத்திரை, இல்லாவிட்டால் மூன்று நான்கு மருந்து கலந்த டியூப். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் வேப்பிலைத் தண்ணீர், படிகாரம், மஞ்சள், தயிர் என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் எடைபோட்டால், காசு கொடுத்து வாங்கத் தகுந்தது குளோட்ரிமசோல் மட்டும்தான். அதுவும் பூஞ்சை அரிப்பாக இருந்தால். அடுக்களையில் தேறுபவை ஆப்பசோடாவும் தேங்காய் எண்ணெயும். அவை அரிப்பை அடக்கும், நோயைத் தீர்க்காது.

எந்த அரிப்பு என்று தெரியாமல் எதை வாங்கினாலும் வீண். வெள்ளைப்படுதல் கெட்டியாக, திரிந்த பால் போல, வாடையில்லாமல் வந்து, அரிப்பும் சிவப்பும் கூட இருந்தால் கேண்டிடா என்னும் பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் இது கூடும். ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகும் வரும். நீர்த்த சாம்பல் வெள்ளையாகப் பட்டு, மீன் வாடை அடித்து, அரிப்பு லேசாக இருந்தால் அது பாக்டீரியாவின் சமநிலை குலைந்த தொல்லை. மஞ்சள் பச்சையாக நுரைத்து எரிச்சலோடு வந்தால் டிரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். கணவருக்கும் சேர்த்துத்தான் வைத்தியம். பின்னவை இரண்டுக்கும் டாக்டர் எழுதித் தரும் மெட்ரோனிடசோல் வகை மருந்து வேண்டும். குளோட்ரிமசோலை எத்தனை நாள் வைத்தாலும் அவை போகாது.

தெரிந்ததுபோல் தோன்றினாலும் பலருக்குக் கணிப்பு தவறுகிறது. அமெரிக்காவில் கடையில் தாங்களே பூஞ்சை மருந்து வாங்கிய பெண்களைப் பரிசோதித்து 2002இல் வெளியான ஆய்வில், உண்மையிலேயே பூஞ்சை மட்டும் இருந்தது மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான். அதனால் முதல் தடவை வரும் அரிப்புக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. முன்பு டாக்டர் பார்த்து உறுதி செய்த அதே அறிகுறிகள் திரும்ப வந்தால் மட்டும் நேரே கடைக்குப் போகலாம்.

குளோட்ரிமசோல்: வாங்கலாம்

கேண்டிட்-வி என்ற பெயரில் வருவதை எடுத்துக்கொள்வோம். வி6 பெட்டியில் 100 மில்லிகிராம் மாத்திரை ஆறு, வி3இல் 200 மில்லிகிராம் மூன்று, வி1இல் 500 மில்லிகிராம் ஒன்று. சாதாரணப் பூஞ்சைக்கு மூன்றும் ஏறக்குறைய ஒரே பலன் தரும். ஒரே இரவில் முடிகிறதே என்று வி1ஐ விரும்புகிறவர்கள் அதிகம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் அடிக்கடி வருகிறவர்களுக்கும் நீண்ட நாள் வைப்பதே மேல். ஜன் ஔஷதி கடைகளில் இதே மருந்தின் கிரீம் இன்னும் மலிவு.

இது விழுங்கும் மாத்திரை அல்ல. அட்டையைப் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. கடைக்காரரும் சொல்லக் கூச்சப்பட்டுப் பேசாமல் கொடுத்துவிடுவார். இரவு படுக்கும்போது கையைச் சோப்பு போட்டுக் கழுவி, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, விரலாலோ கூட வரும் குழலாலோ போகும் அளவு உள்ளே தள்ள வேண்டும். மாத்திரை கரைய ஈரம் தேவை. வறட்சி இருந்தால் காலையில் பாதி கரையாத துண்டுகளாக வெளியே வந்துவிடும். மருந்து வேலை செய்யவில்லை என்று பலர் நினைப்பது இதனால்தான். வைப்பதற்கு முன் ஓரிரு நொடி நீரில் நனைத்தால் சரியாகும். மறுநாள் உள்ளாடையில் வெள்ளை மாவு படிவது இயல்பு, அதைப் பார்த்து நோய் முற்றிவிட்டதாகப் பயப்பட வேண்டாம். மாதவிலக்கு நாள்களில் தொடங்கினால் மருந்து ரத்தத்தோடு போய்விடும், முடிந்த பிறகு தொடங்கலாம்.

மாத்திரை உள்ளே போனால் போதாது. வெளித்தோலும் சிவந்திருந்தால் ஒரு சதவீதக் குளோட்ரிமசோல் கிரீமை நாளுக்கு இரண்டு மூன்று முறை மெல்லிசாகப் பூச வேண்டும். பட்டாணி அளவு போதும். முதல் ஓரிரு முறை லேசாக எரியும். எரிச்சல் கூடிக்கொண்டே போனால் நிறுத்திவிட வேண்டும். அரிப்பு இரண்டு மூன்று நாளில் தணியத் தொடங்கும். அப்போதே நிறுத்துவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. ஏழு நாளாகியும் மாற்றமில்லை என்றால் இன்னொரு பெட்டி வாங்க வேண்டாம், நோயே வேறாக இருக்கலாம். இந்த மருந்து ஆணுறையின் ரப்பரை நலியச் செய்யும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்டபின், குழல் இல்லாமல் விரலால்தான் வைக்க வேண்டும். அவர்களுக்கு ஏழு நாள் முறைதான் வழக்கம்.

ஃபுளூக்கோனசோல் 150 மில்லிகிராம் ஒரே ஒரு மாத்திரை விழுங்கினாலும் பூஞ்சை போகும், சுலபமும்கூட. ஆனால் கர்ப்பத்தில் ஆகாது, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்துகளோடு மோதும். சொந்தமாக வாங்கிப் போடும் மருந்து அல்ல.

வாஷ் பாட்டில்: தேவையில்லை

வி வாஷ் பிளஸ் போன்றவற்றில் லாக்டிக் அமிலம், டீ ட்ரீ எண்ணெய், வாசனை எல்லாம் உண்டு. அமில அளவை, அதாவது பி.எச். மதிப்பை, 3.5 அளவில் காக்கும் என்பது விளம்பரம். பிள்ளை பெறும் வயதில் உள்ளே இருக்க வேண்டிய அளவு 3.8 முதல் 4.5 வரை, அதை லாக்டோபாசில்லஸ் பாக்டீரியாக்கள் தாமே பார்த்துக்கொள்கின்றன. வாஷ் போவது வெளித்தோலுக்கு மட்டும். அரிப்பு இல்லாதவர்கள் உடம்புச் சோப்புக்குப் பதிலாக வெளியே போட்டுக் கழுவினால் கெடுதல் இல்லை. அரிப்பு உள்ளவருக்கு இது மருந்தாகாது. சிவந்து புண்பட்ட தோலில் டீ ட்ரீயும் வாசனையும் எரியவும் செய்யும். வெறும் தண்ணீர் இதைவிட நன்றாக வேலை செய்கிறது. பீய்ச்சியோ விரலாலோ உள்ளே கழுவுவது இன்னும் மோசம்: நல்ல பாக்டீரியா வெளியேறி, மீன் வாடைத் தொல்லைக்கு வழி திறக்கும். டெட்டால் கலந்த தண்ணீரில் கழுவும் பழைய பழக்கத்துக்கும் இதே தீர்ப்புதான்.

ஆப்பசோடாத் தண்ணீர்: ராத்திரி அரிப்புக்கு முதல் கை

அகலமான பிளாஸ்டிக் பேசினில் நாலைந்து லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி ஆப்பசோடா. நன்றாகக் கரைத்து, பத்து நிமிஷம் உட்கார்ந்து, வெறும் தண்ணீரில் அலசி, பருத்தித் துண்டால் ஒற்றியெடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. நாளுக்கு ஒன்றிரண்டு முறை, மூன்று நான்கு நாள். சுடுதண்ணீர் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், பிறகு அரிப்பைக் கூட்டும். முழங்கையை வைத்துப் பார்த்தால் சூடு உறைக்கக் கூடாது. சோடா அதிகமானால் தோல் வறண்டு வெடிக்கும். இந்தத் தண்ணீர் காரத்தன்மை உள்ளது, ஆகவே உட்காருவதற்கு மட்டும். உள்ளே ஊற்றிக் கழுவ அல்ல.

எடுப்பது ஆப்பசோடாதானா என்று பாக்கெட்டைப் படித்துப் பார்க்க வேண்டும். சலவை சோடா வேறு. அதன் காரம் பல மடங்கு, தோலைப் பொசுக்கும். பெயர் எழுதாத டப்பாவில் இருக்கும் வெள்ளைத் தூளை இதற்கு எடுக்கவே கூடாது.

சர்ஜிக்கல் கடைகளில் சிட்ஸ் பாத் டப் என்று கிடைப்பது வெஸ்டர்ன் டாய்லெட்டின் மேல் வைக்கும் தட்டு. இந்தியன் டாய்லெட் உள்ள வீட்டுக்கு அதனால் பயனில்லை. மூட்டுவலி உள்ளவர்களுக்கும் குனிய முடியாத கர்ப்பிணிகளுக்கும் அது உதவும். மற்றவர்களுக்கு இதற்கென்றே ஒதுக்கிய பேசின் போதும். துணி ஊறவைக்கும் பேசின் வேண்டாம், அதன் ஓரங்களில் டிடர்ஜென்ட் படிந்திருக்கும். ஒருவருடையதை இன்னொருவர் பயன்படுத்தவும் வேண்டாம்.

உட்கார்ந்து எழுந்த பின், தோல் காய்ந்ததும், செக்கு தேங்காய் எண்ணெயோ வாசனையில்லாத வாசலினோ மெல்லிசாகப் பூசினால் சிறுநீர் பட்டு எரிவது குறையும். பழைய சிக்கு வாடை எண்ணெய் வேண்டாம். எண்ணெயும் ஆணுறையும் சேராது. தூக்கத்தில் சொறிபவர்கள் ஐஸைப் பருத்தித் துணியில் சுற்றி ஐந்து நிமிஷம் ஒற்றிவிட்டுப் படுக்கலாம். நகம் வெட்டியிருப்பது அவசியம்.

மற்ற கைவைத்தியங்கள்

தயிர் சாப்பிடலாம், உள்ளே வைக்கக் கூடாது. உறைமோரில் இருக்கும் பாக்டீரியாவும் யோனியில் வாழும் பாக்டீரியாவும் ஒரே குடும்பமானாலும் வேறு வேறு இனம். பூண்டுப் பல்லை வைத்தால் ரசாயனப் புண் வரும். எலுமிச்சை, வினிகர் இரண்டும் வெடித்த தோலில் தீயாய் எரியும். வேப்பிலை கொதித்த தண்ணீர் ஆறியபின் வெளித்தோலைக் கழுவுவதில் பெரிய ஆபத்தில்லை, பெரிய பலனும் இல்லை. அரைத்த விழுதாகப் பூசினால் உரசியே புண்ணாகும். மஞ்சளும் சிலருக்கு ஒவ்வாமை தரும், சிவப்பையும் மறைத்துவிடும். டாக்டர் பார்க்கும்போது எதுவும் தெரியாது. படிகாரத் தண்ணீர் சதையைச் சுருக்கி ஈரத்தை வற்றச் செய்வதால் கசிவு குறைந்ததுபோல் தெரியும், நோய் அப்படியே இருக்கும்.

போரிக் ஆசிட் தனியாகச் சொல்ல வேண்டியது. சாதாரண மருந்துக்கு மசியாத சில பூஞ்சைகளுக்கு 600 மில்லிகிராம் கேப்ஸ்யூலாக உள்ளே வைக்க டாக்டர்கள் தருவது உண்மை. ஆனால் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, கர்ப்பத்தில் கூடவே கூடாது. கேரம் போர்டு பவுடரும் போரிக் ஆசிட்தானே என்று அதை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அளவும் தூய்மையும் தெரியாத அந்தத் தூளை உடம்பில் வைக்கக் கூடாது.

கலவை டியூப்: ஒதுக்க வேண்டியது

பெக்லோமெத்தாசோன், பீட்டாமெத்தாசோன், குளோபெட்டசால் இவற்றில் ஒன்று லேபிளில் இருந்தால் அது ஸ்டீராய்டு. குளோட்ரிமசோலின் பிராண்டுப் பெயரோடு ஒரே ஒரு எழுத்து சேர்ந்து வரும் டியூப்களில்தான் குழப்பம் அதிகம். பூசிய அன்றே அரிப்பு நிற்கும், அதனால்தான் இத்தனை விற்பனை. அடியில் பூஞ்சை பரவும், தோல் மெலியும், நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகத் திரும்பும். தொடை இடுக்கில் வட்டமாக விளிம்பு தடித்துப் பரவும் படர்தாமரை இப்போது சாதாரண மருந்துக்கு அடங்காமல் போனதில் இந்த டியூப்களுக்குப் பங்குண்டு. குளோபெட்டசால் கெட்ட மருந்து அல்ல. வெள்ளைத் திட்டாகத் தோல் காகிதம்போல் மெலிந்து இரவில் அரிக்கும் லைக்கன் ஸ்கிளெரோசஸ் என்ற நோய்க்கு அதுவே முதல் மருந்து. அதைக் கண்டுபிடிக்க வேண்டியது தோல் டாக்டர், கவுன்ட்டர் அல்ல.

கசிவோடு அரிப்பு என்றால் அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவில் இலவச மருந்து உண்டு. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டத்தில் வரும் பச்சை நிறப் பெட்டியில் மெட்ரோனிடசோல் வகையைச் சேர்ந்த செக்னிடசோலும் ஃபுளூக்கோனசோலும் இருக்கும். பரிசோதித்துத் தருகிறார்கள் என்பதே கடை டியூப்பைவிட இதை மேலாக்குகிறது.

எந்த மருந்துக்கும் கேட்காத அரிப்புக்குக் காரணம் பல சமயம் உள்ளாடையிலும் நாப்கினிலும் இருக்கும். வாசனை நாப்கின், தினமும் வைக்கும் பேன்டிலைனர், ஈர வைப்ஸ் இவற்றை இரண்டு வாரம் நிறுத்திப் பார்க்கலாம். உள்ளாடையைத் துண்டுக்கு அடியில் மறைத்து நிழலில் காயப்போடுவது நம் வீடுகளின் வழக்கம். வெயில் படும்படி காயப்போட இடம் இல்லையென்றால் உள்பக்கம் இஸ்திரி போட்டாவது ஈரத்தைப் போக்க வேண்டும். சிறுமிகளுக்கு ராத்திரியில் மட்டும் அரித்தால் கீரிப்பூச்சியைத்தான் முதலில் நினைக்க வேண்டும். மாதவிலக்கு நின்றவர்களுக்குப் பெரும்பாலும் வறட்சி. அதற்கு டாக்டர் தரும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் கிரீம் தனியாக உண்டு. காய்ச்சல், அடிவயிற்று வலி, கொப்புளம், ரத்தம் கலந்த கசிவு இருந்தால் வீட்டு வைத்தியத்தை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

ஆண்டுக்கு மூன்று தடவைக்கு மேல் பூஞ்சை வந்தால் முதலில் செய்ய வேண்டியது ரத்தச் சர்க்கரைப் பரிசோதனை. ஏற்கெனவே சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் அட்டையில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்க்கட்டும். இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. அந்த ஈரத்தில் பூஞ்சை செழிக்கும். ஒவ்வொரு முறை சிறுநீர் கழித்ததும் தண்ணீரால் கழுவித் துடைத்தால் ஓரளவு குறையும். மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், அரிப்பு வருகிறது என்று சர்க்கரை டாக்டரிடம் சொன்னால், தேவைப்பட்டால் அவர் வேறு மருந்துக்கு மாற்றுவார்.