மாங்குளத்துச் சாப்பாட்டுக் கடையும் சுவரில் எழுதிய சொல்லும்

மாங்குளம் சந்திக்குக் கிட்ட ஓர் அம்மாவும் அவருடைய இரண்டு மகள்மாரும் நடத்தும் சிறிய சாப்பாட்டுக் கடையில் கடந்த மாதம் மூன்று முறை மதியம் சாப்பிட்டேன். கை கழுவும் தொட்டிக்கு மேலே 'நாகரீகமாக நடந்துகொள்ளவும்' என்று நீல மையில் எழுதியிருக்கிறது.

அந்தச் சொல் என்னை உறுத்தியது. பிள்ளைகள் உயர்தரத்தில் 'இந்து நாகரிகம்' படிக்கும்போது அது சமயமும் கலையும். உடுப்புக் கடையில் அது புதுப் பாணி. சில மாதங்களுக்கு முன் வேறோர் ஊர் உணவகத்தில், சாரம் கட்டியிருந்த என் தகப்பனாரைக் குளிரூட்டிய பகுதிக்குள் விடாமல், "கொஞ்சம் நாகரிகமா வந்திருக்கலாமே" என்றார்கள். அவர் ஒன்றும் பேசாமல் திரும்பி நடந்தது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

நகரத்தை அடியாகக் கொண்ட வடசொல்தான் அது. ஆயினும் 'பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர் நயத்தக்க நாகரிகம் வேண்டு பவர்' என்னும் 580ஆம் குறள் கண்ணோட்டம், அதாவது பிறர்மேல் காட்டும் இரக்கம், என்ற அதிகாரத்தில் நிற்கிறது. பரிமேலழகரும் அங்கே நாகரிகம் என்பதற்குக் கண்ணோட்டம் என்றே பொருள் கொண்டு, நட்டவர் கொடுத்தால் நஞ்சையும் உண்பவரை 'நனி நாகரிகர்' என்னும் நற்றிணை 355ஆம் பாட்டைச் சான்றாகக் காட்டுகிறார். உடுப்பைப் பற்றியோ பட்டணத்தைப் பற்றியோ அங்கே ஒரு பேச்சும் இல்லை.

இரண்டாம் முறை போனபோது, முழங்கால்வரை வயற்சேறு காய்ந்திருந்த பெரியவர் ஒருவர் வாசற்படியில் தயங்கி நின்றார். அந்த அம்மா கரண்டியைக் கையில் வைத்தபடியே, "உள்ளுக்கு வாங்கோ அப்பு, சேறு கழுவினாப் போகும்" என்று கூப்பிட்டு, காற்றாடிக்குக் கீழே இருத்தி, முதலில் செம்பில் தண்ணீர் கொடுத்தார். குறள் சொன்ன நாகரிகத்தை நான் அன்றுதான் கண்ணால் கண்டேன்.

சாப்பாட்டில், விரால் மீன் குழம்பும் முருங்கையிலை வறையும் மிக நன்று. குழம்பில் பழப்புளி அளவாக நிற்கிறது. சொதி மட்டும் மூன்று நாளும் தண்ணீராக இருந்தது. இரண்டு மணிக்குப் பிறகு மீன் கிடையாது.

காசு கொடுக்கும்போது, அந்தச் சொல்லில் 'ரீ' அன்று, 'ரி' என்பதே சரி என்று சொன்னேன். "எழுதித் தாங்கோ தம்பி, அடுத்த முறை வெள்ளை அடிக்கேக்க மாத்துவம்" என்று ஒற்றையையும் பேனையையும் நீட்டினார்.