மலையக வீதிக்கு எந்த பிரேக், எந்தக் கியர்?

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து லபுக்கலை, இறம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்குப் போய்ச் சேரும்போது ஏறத்தாழ 1,400 மீற்றர் இறங்கியிருப்போம். ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ என்றால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தி மூன்று லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சத்தில் பெரும்பகுதி பிரேக்கில் சூடாகத்தான் இறங்கும். அதனால், இங்கே சைக்கிள் வாங்குகிறவர்களிடம், சைக்கிளின் எடை எத்தனை கிராம் என்ற கணக்கை அப்புறம் பார்க்கலாம், முதலில் பிரேக்கைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

சில்லின் விளிம்பை (ரிம்மை) ரப்பர் கட்டையால் பிடிக்கும் ரிம் பிரேக் மலிவு. எந்தச் சைக்கிள் கடையிலும் கழற்றிப் பூட்டித் தருவார்கள். வெயிலில் குறையே இல்லை. ஒருநாள் தூறலில் இறம்பொடை வளைவுகளில் இறங்கும்போது லீவரை அழுத்தினேன், ஒன்றும் பிடிக்கவில்லை. கட்டை ரிம்மிலிருந்த தண்ணீரைத் துடைத்து முடித்த பிறகுதான் பிடித்தது. எதிரே பஸ் வந்துகொண்டிருந்தது. மழைக்காலத்தில் அந்தச் சைக்கிளை நான் இப்போது வெளியே எடுப்பதில்லை. தோட்டத்து மணலும் சேறும் ரிம்மையே அரைத்துவிடும் என்பது வேறு கதை.

ஆக, டிஸ்க் பிரேக்: சில்லின் நடுவிலுள்ள உலோகத் தட்டை (ரோட்டரை) இரு பக்கமும் பேட் என்ற தேய்கட்டைகள் பிடிக்கும். லீவரின் அழுத்தத்தைக் கம்பியால் கடத்தும் கேபிளா, குழாயிலுள்ள திரவத்தால் கடத்தும் ஹைட்ரோலிக்கா என்பதுதான் உண்மையான போட்டி. கேபிள் அறுந்தால் தலவாக்கலையிலோ அப்புத்தளையிலோ புதிது போட்டுக்கொண்டு அன்றைக்கே வீடு திரும்பலாம். ஆனால் பேட் தேயத் தேய நாமே இறுக்க வேண்டும். மலிவான வகைகளில் ஒரு பக்க பேட் மட்டும்தான் நகரும். மற்றதைத் தனியாகத் திருகி நெருக்க வேண்டும். நீண்ட இறக்கத்தில் விரல்களும் மரத்துப்போகும். ஹைட்ரோலிக்கில் தேய்மானத்தை பிரேக் தானே சரிசெய்துகொள்ளும். ஒரு விரல் போதும்.

அதற்குள்ளும் ஒரு பிரிவு உண்டு. சைக்கிள் பாகம் செய்யும் நிறுவனங்களில் ஷிமானோவின் பிரேக்குக்கு மினரல் ஒயில். ஸ்ராமின் வீதிச் சைக்கிள் பிரேக்குகளுக்கு, மோட்டார் வாகனங்களுக்கு ஊற்றும் டொட் என்ற பிரேக் திரவம். ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றினால் உள்ளேயிருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும். டொட் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். நம் மூடுபனியிலும் மழையிலும் அதை ஒழுங்காக மாற்றியே ஆகவேண்டும். ஆனாலும் டொட் 4 எந்த மோட்டார் பாகக் கடையிலும் கிடைக்கும். மினரல் ஒயில் அப்படி ஈரம் குடிப்பதில்லை; அதை முன்கூட்டியே வாங்கி வீட்டில் வைத்திருக்க வேண்டும். என் தெரிவு மினரல் ஒயில்தான்.

பேடும் முக்கியம். ரெசின் பேட் சத்தமில்லாமல் நன்றாகப் பிடிக்கும். சேற்று மழையில் வேகமாகக் கரையும். உலோகப் பேட் கொஞ்சம் கீச்சிடும், சூட்டையும் சேற்றையும் தாங்கும். சில மலிவு ரோட்டர்களில் ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று பொறித்திருக்கும். அவற்றில் உலோகப் பேட் போடாதீர்கள்.

கியரில் கணக்கு எளிது. வழக்கமான வீதிச் சைக்கிளின் மிக இலகுவான கியரில் முன் பல்தட்டில் 34 பல், பின்னால் 34 பல்: பெடல் ஒரு சுற்று, சில்லும் ஒரு சுற்று. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 8 கிலோமீற்றர் வரும். தம்பேதன்னயிலிருந்து லிப்டன் இருக்கைக்கு ஏறும்போது அந்த 60 சுற்றையே என்னால் தக்கவைக்க முடியவில்லை. முழங்கால்தான் விலை கொடுத்தது. முன்னால் 40 பல் ஒற்றைத் தட்டு, பின்னால் 42 என்றால் விகிதம் 0.95 (விகிதம் குறையக் குறைய ஏறுவது இலகு). ஷிமானோவின் கரடுமுரடான பாதைக்கான ஜிஆர்எக்ஸ் பாகத் தொகுதியில் வரும் 46/30 பல் இரட்டைத் தட்டில் சிறியதோடு பின்னால் 34 போட்டால் 0.88, இங்கே அந்தச் சிறு வித்தியாசம் காலுக்குத் தெரியும். ஒற்றைத் தட்டில், முன்னால் சங்கிலியைத் தட்டுக்குத் தட்டு மாற்றும், சேறு சிக்கக்கூடிய டிரேலியர் இல்லை. தோட்டப் பாதையே கதி என்றிருப்பவருக்கு அது நல்லது. ஆனால் கியருக்குக் கியர் தாவல் பெரிது. நானுஓயா ஏற்றம் போல ஒரே சீராக நீளும் இடத்தில் தோதான கியர் அமையாமல் தவிப்போம். நான் 46/30 பக்கம்.

டயரில் எனக்குக் குழப்பமில்லை. தார் வீதி மட்டும் என்றால் 32 மில்லிமீற்றர். லயத்துப் பக்கம் உடைந்த கல் வீதியில் திரும்புவதானால் 40. வாங்கும் முன் பிரேமிலும் முன் போர்க்கிலும் அதற்கு இடமிருக்கிறதா, சேறு அப்பினாலும் உரசாதா என்று பாருங்கள். டியூப்லெஸ் போட்டாலும் ஒரு டியூப் பையில் இருக்கட்டும்.