தோள் வலிக்கு ஸ்கேனை மட்டும் பார்த்து ஆபரேஷன் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்

அண்ணனுக்குப் பெயின்டிங் வேலை. வருடக்கணக்காகச் சீலிங்கில் ரோலர் ஓட்டி, வலது தோளில் வலி வந்தது. இரவில் அந்தப் பக்கம் படுக்கவே முடியவில்லை. ஊரிலேயே பெரிய தனியார் மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை, கையைத் தூக்கவும் சொல்லவில்லை. நேராக எம்ஆர்ஐ. ரிப்போர்ட் வந்ததும், "இம்பிஞ்மென்ட். ஜவ்வு கிழிஞ்சிருக்கு, எலும்பு நீட்டிக்கிட்டிருக்கு. ஆபரேஷன் பண்ணலைன்னா கையைத் தூக்கவே முடியாமப் போயிடும்" என்றார். இம்பிஞ்மென்ட் என்றால், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் தோளுக்குள் நசுங்குவது. அன்று மாலைக்குள் அட்வான்ஸ் கட்டச் சொல்லி பில்லிங்கிலிருந்து போன் மேல் போன். தினக்கூலிக்காரரை இப்படிப் பயமுறுத்தியதை நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

பணம் கட்டாமல் அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே டாக்டர் ஸ்கேனைத் தொடுவதற்கு முன் தோளைத்தான் பார்த்தார். கையைப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்கச் சொன்னார். 60 டிகிரி வாக்கில் தொடங்கிய வலி, 120-ஐத் தாண்டியதும் குறைந்தது. தோள் உச்சி எலும்புக்கு அடியில் தசைநாண் நசுங்கினால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்குமாம். அப்புறம் முழங்கையை மடக்கித் தூக்கி, கையை உள்பக்கம் திருப்பினார், அண்ணன் துடித்துவிட்டார். வெளிப்பக்கம் திருப்பியபோது தடையில்லாமல் திரும்பியது. அதனால் உறைந்த தோள் (மூட்டு இறுகிக் கை எந்தப் பக்கமும் சரியாகத் திரும்பாத நோய்) இல்லை என்றார். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது அதிகம் வரும், இம்பிஞ்மென்ட் என்று தவறாக நினைப்பதும் உண்டு. எதிர்த்துத் தள்ளச் சொன்னபோது பலம் நன்றாக இருந்தது, ஆகவே தசைநாணில் பெரிய கிழிசல் இல்லை. கடைசியாக முதுகுப் பக்கம் நின்று பார்த்தார். கை உயரும்போது கூடவே திரும்ப வேண்டிய சப்பை எலும்பு (முதுகுப் பக்கத் தோள்பட்டை எலும்பு), வலது பக்கம் பின்தங்கியது.

இம்பிஞ்மென்ட் என்பது ஒரே நோய் இல்லை. எலும்பின் வளைவோ துருத்தலோ இடத்தைக் குறைப்பது ஒரு வகை. எலும்பு சரியாகவே இருந்து, மூட்டு தளர்ந்தோ தசைகள் சோர்ந்தோ வருவது இன்னொன்று, அண்ணனுக்கு இதுதான். பந்து எறிபவர்களுக்கு மூட்டின் உள்ளேயே பின்பக்கம் நசுங்கும். இம்பிஞ்மென்ட் ஆபரேஷன் என்றால் தோள் உச்சி எலும்பின் அடிப்பக்கத்தைச் செதுக்கி இடம் உண்டாக்குவது. தசை சோர்ந்து வந்த வலிக்கு எலும்பைச் செதுக்கி என்ன பயன்?

அப்படிச் செதுக்கும் ஆபரேஷனைப் பற்றி பிரிட்டனில் நடந்த ஆய்வு 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. எலும்பு செதுக்கப்பட்ட நோயாளிகளுக்கும், செதுக்காமல் கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு மூடப்பட்ட நோயாளிகளுக்கும் பலனில் வித்தியாசம் இல்லை. ஸ்கேனில் கிழிசல் தெரிவதாலேயே அதுதான் வலிக்குக் காரணம் என்றும் சொல்ல முடியாது. தோள் வலியே இல்லாதவர்களை எடுத்துப் பார்த்த 1995 ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் பாதிக்கு மேல் கிழிசல் இருந்தது.

விழுந்து அடிபட்டுத் திடீரெனக் கை தூக்க வராமல் போனால் கதை வேறு, உடனே காட்ட வேண்டும். அண்ணன் பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைச் செய்து மறுபடி வேலைக்குப் போகிறார்.

முதல் மருத்துவமனை ஸ்கேன் பிலிமைத் தர இழுத்தடித்தது. 2002-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் விதிப்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள், ஒரு நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.