ஆத்தங்குடி நட்சத்திரத்தைத் துணியில் கொண்டுவர மெஷினா, கையா?

எங்கள் வீட்டுப் பட்டாலைத் தரையில் இருக்கும் ஆத்தங்குடிக் கல்லில், அதாவது செட்டிநாட்டு ஆத்தங்குடியில் கையால் செய்யும் வண்ணச் சிமெண்ட் தரைக்கல்லில், எட்டு முனை நட்சத்திரம் ஒன்று உண்டு. சின்ன வயதிலிருந்து அதன் மேல் படுத்துத்தான் கோடை மதியங்கள் கழிந்தன. நாலு வருஷமாகச் சதுரத் துண்டுகளை மட்டும் இணைத்து ஒட்டுப்போர்வை தைத்துக்கொண்டிருந்த எனக்கு, கை ஒரே இடத்தில் நின்றுவிட்டது போல ஓர் அலுப்பு. அந்த நட்சத்திரத்தையே தைத்துப் பார்ப்போம் என்று இறங்கினேன். துணிக்கு அப்பத்தாளின் பழைய கண்டாங்கிச் சேலைகள் இரண்டு, ஒன்று அரக்கு, ஒன்று மஞ்சள்.

வேலை கஷ்டமானது. 12 அங்குலச் சதுரக் கட்டம் ஒன்றுக்குள் எட்டு சாய்சதுரங்கள், அவற்றைச் சுற்றி நாலு மூலைச் சதுரம், நாலு முக்கோணம். எட்டு சாய்சதுரங்களின் கூர்முனையும் நடுவில் ஒரே புள்ளியில் சேர வேண்டும். ஒவ்வொரு முனையும் 45 பாகை. வெட்டுவதில் ஆளுக்கு ஒரு பாகை கூடினாலும் மொத்தம் எட்டு பாகை மிஞ்சும், துணி தட்டையாகப் படியாமல் அலை அலையாக நெளிந்து நிற்கும். இஸ்திரி போட்டாலும் அமராது.

இதற்கு இரண்டு வழி. இரண்டிலும் தைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலாவது, காகிதத்தின் மேல் மெஷினில் தைப்பது. மெல்லிய தாளில் படத்தை வரைந்து, துணியைத் தாளின் பின்பக்கம் வைத்து, முன்பக்கக் கோட்டின் மேலேயே தையல் ஓட்ட வேண்டும். முடிந்ததும் தாளைக் கிழித்துவிடலாம். துணியைத் துல்லியமாக வெட்ட வேண்டியதில்லை, கோடு நேராக இருந்தால் முனை கத்தி போல வரும். வேகமும் அதிகம்: எனக்கு ஒரு கட்டத்துக்கு இரண்டு மணி நேரம். படம் இடவலம் மாறி விழும் என்பது மட்டும் நினைவில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு வடிவத்தையும் அட்டையில் வெட்டி, அதன் மேல் துணியை மடித்துப் போட்டு நூலோட்டி நிறுத்திக்கொண்டு, இரண்டிரண்டாக ஓரத்தைச் சுற்றிக் கையால் இணைப்பது. கடைசியில் அட்டையை உருவிவிடலாம். அட்டைக்குப் பணம் செலவில்லை. எங்கள் பக்கம் எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் கல்யாணப் பத்திரிகை கட்டுக்கட்டாக இருக்கும். அந்தக் கனம் இதற்கென்றே செய்தது போலப் பொருந்துகிறது. ஒரு கட்டத்துக்கு நாலு சாயங்காலம் பிடித்தது.

நேரத்தை வைத்துப் பார்த்தால் மெஷின்தான். ஆனால் நான் கைத்தையலைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் ஒன்றுதான்: பிரிப்பது.

புது வித்தை பழகுகிறவர் தைப்பதைவிடப் பிரிப்பதுதான் அதிகம். இதை யாரும் முதலில் சொல்வதில்லை. கல் செய்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணச் சாந்தை ஊற்றி அச்சை எடுத்துவிட்டால் வண்ணம் விழுந்தது விழுந்ததுதான். நமக்கு ஊசி இருக்கிறது, திருத்தலாம். எந்த முறையில் திருத்த முடிகிறது என்பதே கேள்வி.

மெஷினில் தைத்த முதல் கட்டத்தைப் பட்டாலையில் கல்லின் மேலேயே விரித்துப் பார்த்தேன். அரக்கும் மஞ்சளும் மாறி மாறி வர வேண்டிய இடத்தில் ஓர் அரக்கு பக்கத்தில் இன்னோர் அரக்கு. ஒரு சாய்சதுரத்தை மாற்றினால் போதும். ஆனால் தாள் சுலபமாகக் கிழிய வேண்டும் என்று தையலை ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறுக்கி வைத்திருந்தேன். அப்படியென்றால் அங்குலத்துக்கு 17 தையல். மூன்றரை அங்குலப் பக்கம் ஒன்றில் மட்டும் 60 இருக்கும். அதோடு, இந்த முறையில் நட்சத்திரத்தை எட்டு ஆப்புகளாகத் தைத்து, இரண்டை இணைத்துக் கால், காலை இணைத்துப் பாதி, பாதியை இணைத்து முழுசு என்று போக வேண்டும். ஒரு துண்டை எடுக்க, நடுவில் குறுக்கே ஓடும் நீளத் தையலிலிருந்து பிரித்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.

பிரித்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் தையல் ஓடிய இடமெல்லாம் வரிசையாக ஓட்டை. முப்பது வருஷம் துவைத்து மெலிந்த நூல்சேலை அது. மறுபடி மடித்து அழுத்தியதும் தபால் தலை கிழிகிற மாதிரி அந்த வரிசையோடு கிழிந்தது. அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருக்கும் தம்பியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “ஆச்சி, பழந்துணியில இவ்வளவு நெருக்கித் தைச்சா அப்புறம் பிரிக்க வராது. இது புதுத் துணிக்குத்தான்” என்றார்.

கைத்தையலில் அதே தவறை மூன்றாவது கட்டத்தில் மறுபடி செய்தேன். இந்த முறை நாலு பக்கத்தில் ஓடும் தையலை மட்டும் சின்னக் கத்தரியால் நறுக்கி, துண்டை எடுத்து, வேறு துண்டு வைத்தேன். சுற்றியிருந்த மற்றவை அசையவில்லை. ஊசி மடிப்போரத்தில் இரண்டு மூன்று இழையை மட்டும்தான் பிடித்திருக்கும், துணியின் உடம்பில் காயம் இல்லை. அரை மணி நேர வேலை. நடுப்புள்ளியில் முனைகள் சேராமல் போனதையும் இப்படித்தான் ஐந்து தடவை பிரித்துப் பிரித்துச் சரிசெய்தேன். கூர்முனை மடிக்கும்போது பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும் வாலை வெட்டாமல், எல்லாவற்றையும் ஒரே திசையில் சுழற்றிப் படிய வைக்க வேண்டும் என்பதை ஐந்தாவது தடவைதான் கண்டுகொண்டேன். பிரிக்கப் பயந்திருந்தால் இரண்டாவதோடு விட்டிருப்பேன்.

மெஷினை ஒதுக்கச் சொல்லவில்லை. கடையில் வாங்கிய புதுப் பருத்தி என்றால், யாருக்காவது தேதி சொல்லி ஒப்புக்கொண்ட வேலை என்றால், கட்டைவிரல் மூட்டில் வலி இருப்பவர் என்றால், மெஷின்தான் சரி. எனக்கே கைத்தையலில் இரண்டாம் வாரம் ஆள்காட்டி விரல் நுனி தடித்துவிட்டது.

மூன்றாவதாக அப்ளிக் வேலையையும் சிலர் சொல்வார்கள். ஊசி முனையாலேயே ஓரத்தை உள்ளே மடக்கிக்கொண்டு அடித்துணியில் தைப்பது. கல்லில் இருக்கும் வளைந்த பூ இதழ்களுக்கு அதுதான் பொருத்தம் என்று தோன்றுகிறது. நான் ஒரே ஓர் இதழ்தான் தைத்திருக்கிறேன், அதனால் பிரிப்பதில் அது எப்படி என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஒன்பது கட்டம், 144 துண்டு, மூன்றடிக்கு மூன்றடி. நடுவில் பஞ்சு வைத்து ஓட்டுத்தையல் போட்டு முடித்து ஒரு வருஷம் ஆகிறது. இதுவரை நாலு தடவை துவைத்தாயிற்று. இரண்டாவது கட்டத்தில் ஒரு மஞ்சள் சாய்சதுரம் மட்டும் நைந்து உள்ளிருக்கும் பஞ்சு தெரிகிறது. பஞ்சோடு சேர்த்துத் தைத்த பிறகு ஒரு துண்டை எடுத்து மாற்றியதில்லை. அப்பத்தாளின் சேலையில் மஞ்சள் ஒரு சாண் மிச்சமிருக்கிறது. இந்த வாரம் உட்கார வேண்டும்.