குரூகரா, செரங்கெட்டியா?

ஆபிரிக்கக் காட்டுவிலங்குகளைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட நினைக்கும் குடும்பம் பெரும்பாலும் தென்னாபிரிக்காவுக்கும் தன்சானியாவுக்கும் இடையில்தான் தடுமாறும். எல்லோரும் முதலில் செலவைக் கணக்கிடுவார்கள். நான் நாட்காட்டியைப் பார்க்கச் சொல்வேன்.

தென்னாபிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவுக்கு உகந்த காலம், புல் காய்ந்து விலங்குகள் நீர்நிலைகளைத் தேடி வரும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்கள். அதன் நடுவில்தான் நல்லூர்த் திருவிழாவின் 25 நாள்களும் வருகின்றன. கொடியேறிய பின் ஊரைவிட்டுக் கிளம்ப எங்கள் வீட்டில் எவரும் சம்மதிக்க மாட்டார்கள். பெப்ரவரியில் அந்தச் சிக்கல் இல்லை. தன்சானியாவின் செரங்கெட்டிப் பூங்காவின் தெற்கே, எரிமலைச் சாம்பல் படிந்து வளமான ந்டூட்டு புல்வெளியில் வில்டபீஸ்ட் எனப்படும் பெரிய மான்கள் இலட்சக்கணக்கில் கன்று ஈனுவதும் அப்போதுதான். பிறந்த கன்று சில நிமிடங்களில் தள்ளாடி எழுந்து தாயோடு ஓடத் தொடங்கிவிடும். ஓட முடியாத கன்றுக்காகச் சிங்கமும் கழுதைப்புலியும் காத்திருக்கும். வில்பத்துவில் ஒரு சிறுத்தைக்காக ஜீப் வரிசையில் காத்துக் கிடந்தவர்களுக்கு அந்தத் திறந்த வெளியே போதும்.

வசதியில் குரூகரே மேல். ஏறத்தாழ 19,500 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அந்தப் பூங்காவின் முக்கிய வீதிகள் தார் போட்டவை. அங்கும் இடப்பக்கமே வாகனம் ஓட்டுவதால், வாடகைக்கு ஒரு சிறிய கார் எடுத்து நாமே ஓட்டிச் செல்லலாம். சமையலறை உள்ள குடில்களும் கிடைப்பதால், ஒரு பொதி மிளகாய்த்தூள் கையில் இருந்தால் வயோதிபப் பெற்றோரும் சோர மாட்டார்கள். செரங்கெட்டியிலோ பெரும்பாலும் வழிகாட்டியோடு ஜீப் எடுக்க வேண்டியிருக்கும். செலவு பல மடங்காகும்.

பண்பாட்டைப் பொறுத்தவரை, 120க்கும் மேற்பட்ட இனக்குழுக்களைச் சுவாகிலி மொழியால் இணைத்திருக்கும் தன்சானியா வியப்பூட்டுகிறது. ஆனால் காசு வாங்கிக்கொண்டு மசாய் நடனம் காட்டும் சுற்றுலாக் கிராமங்களில் எனக்கு நாட்டமில்லை. தென்னாபிரிக்காவின் டர்பன் நகரம் வேறுவிதம். 1860இல் சென்னையிலிருந்து துரூரோ கப்பலில் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் வழித்தோன்றல்களிடம் பிள்ளை ‘பில்லே’ ஆகியிருக்கிறது, கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆகியிருக்கிறது. தமிழ் பேச வராதவரும் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார். ஆனால் தைப்பூச நாள்களில் குரூகரில் மழைப் புல் உயர்ந்து விலங்குகளை மறைத்துவிடும். இரண்டையும் ஒரே பயணத்தில் திருப்தியாகப் பார்க்க இயலாது.

ஆகவே பெற்றோரும் அளவான பணமும் உள்ளவர்கள் நல்லூர்த் தேரும் தீர்த்தமும் முடிந்து செப்டெம்பரில் குரூகர் போகட்டும். விலங்கே நோக்கமென்றால் பெப்ரவரியில் தன்சானியா. அங்கே தரங்கிரே பூங்காவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நெடுந்தீவில் பொந்துக்குள் நின்று படம் எடுக்கிறோமே, அதே பெருக்கமரம் அங்கே யானைத் தந்தங்கள் கிழித்த பட்டையோடு நிற்கிறது.