மூளைத் திசுவில் டோபமின் (நரம்பு செல்களிடையே செய்தி கடத்தும் தூதுப்பொருள்) எங்கே? ஆன்டிபாடி சாயமா, மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி படமா?

1960-இல் வியன்னாவில் எரிங்கரும் ஹோர்னிகீவிச்சும் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமின் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். அது அளவு. எங்கே என்ற வரைபடம் வேண்டுமென்றால் இரண்டு வழிகள்: குறிப்பிட்ட பொருளில் ஒட்டும் ஆன்டிபாடி புரதத்தால் நிறமேற்றுவது (சாயம்); திசுவின் ஒவ்வொரு புள்ளியிலும் மூலக்கூறுகளை எடைபோட்டுப் படமாக்குவது (மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி).

எதைக் காட்டும்: சாயம், டோபமின் தயாரிப்பின் முதல் படியைச் செய்யும் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் நொதியை. நாரட்ரீனலின் என்ற வேறு தூதுப்பொருளைத் தயாரிக்கும் செல்களிலும் அது உண்டு, கவனம். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி டோபமினையே எடைபோட்டுக் காட்டும். செரட்டோனின், காபா போன்ற மற்ற தூதுப்பொருள்களையும் அதே சீவலில் பார்க்கலாம்.

நுணுக்கம்: சாயத்தில் ஒற்றை நரம்பிழைகூடத் தெரியும். மற்றதில் பெரும்பாலும் பல மைக்ரோமீட்டர் அகலப் புள்ளிகள்தான்.

திசு: ஃபார்மலின் திரவத்தில் பதப்படுத்திய பழைய திசு பெரும்பாலும் சாயத்துக்குப் போதும். மற்றதற்கு உடனே உறையவைத்தது வேண்டும். இறந்தபின் தாமதித்தால் டோபமின் சிதைந்துவிடும். தானமாக வந்த மூளை அது, வீணாக்கக் கூடாது.

செலவு: சாயத்துக்குச் சாதாரண மைக்ரோஸ்கோப் போதும்.

பழைய சேமிப்பு, செல் எண்ணிக்கை என்றால் சாயம். புதிதாக உறைந்த திசுவில் பல தூதுப்பொருள்களின் பரவல் என்றால் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி.