மூடிக்கு மேலே பத்து சென்டிமீட்டர்

இங்கிலாந்தின் ஸ்லவ்வில் புதிதாக வீடு வாங்கியிருக்கும் நண்பர் போன வாரம் போன் செய்தார். "அண்ணா, உங்க பாய்லருக்குக் கீழே கறுப்பா ஒரு காந்த ஃபில்டர் டப்பா மாட்டியிருக்கீங்களே, அதையே நானும் வாங்கிடவா? சுத்தம் பண்ணும்போது கிச்சனே நாசமாயிடும்னு பயமுறுத்துறாங்க." எனக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை. செப்டம்பரில் கேட்டிருந்தால் வேண்டவே வேண்டாம் என்றிருப்பேன். அக்டோபரில் அந்த டப்பாவை இடம் மாற்றி மாட்டினோம். போன சனிக்கிழமை, ஐந்து வருடத்தில் முதன்முறையாக, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் அதைக் கழுவி மாட்டினேன். சந்தோஷம்தான். ஆனால் ஐந்து வருட எரிச்சல் ஒரு காலையில் போய்விடுமா? அதனால் இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு ரெடிங்கில். 1930களில் கட்டியது, அறைகளைச் சூடாக்க எட்டு ரேடியேட்டர், சமையலறை அலமாரிக்குள் ரேடியேட்டருக்கும் குழாய்க்கும் சேர்த்தே வெந்நீர் தரும் காம்பி பாய்லர். 2019-இல் பாய்லரை மாற்றியபோது இந்தக் காந்த ஃபில்டரையும் சேர்த்துப் போட்டார்கள். ரேடியேட்டர்களின் தண்ணீர் வீடெல்லாம் சுற்றிவிட்டு பாய்லருக்குத் திரும்பும் குழாயில், உள்ளே நுழைவதற்குச் சற்று முன்னால் இது இருக்கும். நடுவில் ஒரு காந்தக் கோல், அதன்மேல் பிளாஸ்டிக் உறை. ரேடியேட்டரின் இரும்பு உள்ளே அரிக்கும்போது நமக்குத் தெரிந்த செந்துரு வருவதில்லை. ஆக்ஸிஜன் குறைந்த தண்ணீரில் அது மாக்னடைட் என்ற கறுப்புத் தூளாகிறது. சின்ன வயதில் உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தை மணலில் இழுத்தால் மீசை மாதிரி ஒட்டிக்கொள்ளுமே, அந்தக் கருந்தூளும் பெரும்பாலும் இதேதான். மணலில் அது விளையாட்டு. ஹீட்டிங் தண்ணீரில் அது சேறாகி ரேடியேட்டரின் அடியில் தங்கும், பம்பைத் தேய்க்கும், பாய்லரின் வெப்ப மாற்றியை அடைக்கும்.

பிடிக்கிற வேலையை இந்த ஃபில்டர் அருமையாகச் செய்கிறது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மாட்டிய இரண்டாவது மாதம் திறந்தபோது உறையைச் சுற்றிக் கட்டைவிரல் பருமனுக்குக் கறுப்பு அப்பியிருந்தது. வண்டிமை போலவே இருந்தது, கையில் பட்டால் ரேகைக்குள் இறங்கி இரண்டு நாள் போகாது. அடுத்த வருடம் அதில் பாதி. இப்போது திறந்தால் கண்மை தீட்டியது போல மெல்லிய பூச்சுதான். மேலே தொட்டால் சுடும், கீழே தொட்டால் குளிரும் என்று கிடந்த பின்பக்கப் படுக்கையறை ரேடியேட்டர், முதல் குளிர்காலம் முடிவதற்குள் அடிவரை சுட ஆரம்பித்தது. இந்த ஒன்றுக்காகவே அந்தக் காந்தத்துக்கு நன்றி சொல்வேன்.

குறையெல்லாம் அதைத் திறப்பதில்தான்.

இந்த ரகத்துக்கு மூடி மேலே. மூடியைச் சுழற்றினால் உறை அதோடு சேர்ந்து வரும். உறையின் நீளம் பதினாறு சென்டிமீட்டர். எங்கள் வீட்டில் மூடிக்கும் பாய்லரின் அடிப்பாகத்துக்கும் இடையே இருந்த இடம் பத்து. நேராகத் தூக்கவே முடியாது. பாதி தூக்கி, சாய்த்து, இழுக்க வேண்டும். சாய்க்கும்போது உறையின் நுனி டப்பாவின் விளிம்பில் உரசும். உரசினால் அத்தனை கறுப்பும் வழித்துக்கொண்டு மரையிலும் விளிம்பிலும் இறங்கும், அங்கிருந்து குழாய் வழியாக மனைவி ஆசைப்பட்டுப் போட்ட வெள்ளைச் சமையல் மேடைக்கு வந்து சேரும். நான்கு வருடமும் இதே கதை. கீழே பழைய துண்டு விரித்து, அதன்மேல் செய்தித்தாள் விரித்து, அப்படியும் மேடைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள வெள்ளைப் பூச்சில் ஒரு சாம்பல் கோடு விழுந்துவிட்டது. இன்னும் இருக்கிறது.

கறை மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். 2022 ஜனவரியில் ஒருநாள் காலை எழுந்தால் வீடு ஜில்லென்று கிடந்தது. பாய்லர் நின்றிருந்தது, 1.2 பாரில் நிற்க வேண்டிய பிரஷர் மீட்டர் முள் 0.4-இல். முந்தின நாள்தான் ஃபில்டரைச் சுத்தம் செய்திருந்தேன். விளிம்பில் வழித்துவிட்ட அந்தச் சேற்றில் ஒரு பொடி, மூடியைக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங்கின் அடியில் மாட்டிக்கொண்டு, ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசிந்திருக்கிறது. சின்னவளுக்கு அப்போது மூன்று வயது. அவளை இரண்டு போர்வையில் சுற்றி சோபாவில் உட்கார வைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் மறுபடியும் அதே டப்பாவைத் திறந்தேன். அந்தக் காலையின் கோபம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

ஃபில்டரோடு வந்த கையேட்டில், மூடிக்கு மேலே எவ்வளவு இடம் விட வேண்டும் என்று படமே போட்டிருக்கிறது. மாட்டியவர் அதைப் பார்க்கவில்லை. நியாயமாகச் சொன்னால் அவருடைய மற்ற வேலையெல்லாம் சுத்தம். குழாய்கள் நூல் பிடித்தது போல நேராக இருக்கின்றன, இரண்டு வால்வும் இன்றுவரை சொட்டாமல் அடைக்கின்றன. ஆனால் போன் செய்து கேட்டபோது, "கொஞ்சம் சாய்ச்சா வந்துடுமே" என்றார். வருடத்துக்கு ஒருமுறை சாய்க்கப்போவது அவரில்லையே.

இந்த ஐந்து வருடத்தில் சிந்தாமல் வடிப்பதை ஒருவழியாகக் கற்றுக்கொண்டேன். நண்பருக்கு உதவும் என்பதால் விவரமாகவே சொல்கிறேன். முதல் நாள் இரவே ஹீட்டிங்கை அணைத்துவிட வேண்டும். சூடான தண்ணீரோடு விளையாடக் கூடாது. காலையில் ஃபில்டரின் இரண்டு பக்க வால்வையும் கால் சுற்றுத் திருப்பி அடைத்தால், டப்பாவுக்குள் சிறைப்பட்டிருப்பது அரை லிட்டர் அளவுதான். அது ஒன்றும் பெரிய தண்ணீர் இல்லை. மேடையை நாசம் செய்வது அது வெளியே வரும் விதம்தான். அடியிலுள்ள வடிகால் திருகில் குழாய் மாட்ட மூக்கு கிடையாது. திறந்தால் தண்ணீர் நேராக விழாமல் திருகைச் சுற்றி, ஸ்பேனர் வழியாக, மணிக்கட்டுக்கு வந்து சட்டைக் கைக்குள் போகும்.

இதற்குப் பக்கெட் சரிப்படாது, கீழே நுழையாது. கிண்ணம் வைத்தால் தெறிக்கும். எனக்குக் கைகொடுத்தது நாலு பைண்ட் பால் கேன். கைப்பிடி ஒரு பக்கம் அப்படியே இருக்க, வாய்ப்பகுதியைச் சரிவாக வெட்டி எடுத்தால் நீண்ட உதடுள்ள முறம் மாதிரி ஆகிவிடும். அந்த உதட்டை டப்பாவின் உடம்போடு ஒட்டி, திருகுக்குப் பின்னால் வரும்படி பிடிக்க வேண்டும். பின்பக்கமாக வழியும் தண்ணீரும் கேனுக்குள்ளேயே போகும். இரண்டேகால் லிட்டர் பிடிக்கிற கேன், வெட்டியது போகவும் அரை லிட்டருக்கு இடம் தாராளம்.

இன்னொன்று, திருகுகளின் வரிசை. வடிகாலை முதலில் மயிரிழை மட்டும் திறக்க வேண்டும். உள்ளே அடைபட்டிருக்கும் அழுத்தம் இரண்டு பீச்சலில் இறங்கிவிடும். அப்புறம் மூடியிலிருக்கும் காற்றுத் திருகைத் தளர்த்தினால்தான் தண்ணீர் நூலாக இறங்கும். காற்று போக வழியில்லாவிட்டால் அது குடகுடவென்று விக்கி விக்கித் துப்பும், துப்புகிற ஒவ்வொரு முறையும் தெறிக்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது.

கையேடு வேறு ஒரு முறையையும் சொல்கிறது. மூடியைத் திறக்காமலே காந்தக் கோலை மட்டும் உருவிவிட்டு, ஒரு வால்வைச் சற்றே திறந்து, ஹீட்டிங்கின் அழுத்தத்தாலேயே சேற்றை வடிகால் வழியாக அடித்துத் தள்ளலாம் என்று. ஒரே ஒரு முறை செய்தேன், இனி செய்ய மாட்டேன். குளிர்ந்திருக்கும்போதும் ஒன்றேகால் பார் அழுத்தம் இருக்கிறது. சேறு கலந்த தண்ணீர் அந்த வேகத்தில் வந்தால் பால் கேன் எம்மாத்திரம்? அதோடு, போகிற தண்ணீரில் துருத்தடுப்பு மருந்தும் போகிறது, அதை ஈடுகட்ட ஊற்றுகிற புதுத் தண்ணீரில் ஆக்ஸிஜனும் சேர்ந்து வருகிறது. துருவை எடுக்கப்போய்ப் புதுத் துருவுக்கு வழி செய்வது போலத்தான்.

சரி, அக்டோபருக்கு வருகிறேன். வருடாந்திர சர்வீஸுக்கு வந்த புதியவர், கேஸ் வேலைக்கான கேஸ் சேஃப் பதிவு பெற்றவர், அந்தப் பத்து சென்டிமீட்டர் இடைவெளியைப் பார்த்ததும், "இதை எப்படிங்க திறக்கிறீங்க?" என்று கேட்டார். நான்கு வருடமாக அந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்றிருந்தேன். 140 பவுண்டு, அரை நாள் வேலை. தண்ணீரை வடித்து, குழாயை வெட்டி, ஃபில்டரைப் பன்னிரண்டு சென்டிமீட்டர் கீழே இறக்கினார். எப்படியும் ஹீட்டிங் தண்ணீரில் போட்ட மருந்துக்கு ஐந்து வருடம் ஆகியிருந்தது. பி.எஸ். 7593 என்ற பிரிட்டிஷ் தர விதியும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதிதாக ஊற்றத்தான் சொல்கிறது. அதனால் அந்தச் செலவு வீணில்லை.

சனிக்கிழமை காலை மூடியைச் சுழற்றி நேராக மேலே தூக்கினேன். உறை எங்கேயும் படவில்லை. நுனி விளிம்பைத் தாண்டியதும் இன்னொரு கையால் கீழிருந்து ஒரு ஃப்ரீசர் பையை ஏற்றி, மூடிவரை உறை போட்டது போல் மாட்டிக்கொண்டேன். காந்தத்தை உள்ளேயே விட்டு வைத்திருப்பதுதான் இங்கே முக்கியம். அது உள்ளே இருக்கும்வரை சேறு விழாது, ஈரக் கம்பளி மாதிரி ஒட்டிக்கொண்டே வரும். அப்படியே தோட்டத்துக்கு எடுத்துப் போய், பையை வாளிக்குள் இறக்கி, கோலை மெதுவாக உருவினேன். கோல் மேலே ஏற ஏற, உறைக்கு வெளியே இருக்கிற கறுப்பும் அதைத் தொடர்ந்து எறும்பு வரிசைபோல ஏறியது. மேல் வளையம்வரை வந்து, பிடித்துக்கொள்ள ஆளில்லாமல், மொத்தமாகச் சரிந்து பைக்குள் விழுந்தது. சின்னவள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு இன்னொரு தடவை செய்யச் சொன்னாள்.

அந்தக் கோலைக் கண்ட இடத்தில் வைக்காதீர்கள். ஸ்பேனர் இரண்டு விரற்கடை தூரத்திலிருந்தே தாவி ஒட்டும். அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் இருப்பதால், அவர் ஊரிலிருந்து வந்திருந்த மூன்று மாதமும் இந்த வேலையை நான் தொடவே இல்லை.

மாட்டும்போது அவசரம் கூடாது. விளிம்பையும் மரையையும் காகிதத்தால் துடைத்துவிட்டு ஒருமுறை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஓ ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும்தான். வீட்டில் இருக்கிறதே என்று வாஸ்லினைத் தடவினால் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். காற்றுத் திருகைத் திறந்து வைத்து, ஒரு வால்வை மட்டும் மெல்லத் திறந்து, திருகில் தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிட்டு, அடுத்த வால்வைத் திறக்க வேண்டும். முள் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஹீட்டிங்கில் தண்ணீர் நிரப்பும் ஃபில்லிங் லூப் குழாயில் 1.2 பாருக்கு ஏற்றிவிட்டு அதையும் இறுக அடைக்க வேண்டும். இவ்வளவும் தண்ணீர்ப் பக்கத்து வேலை. பாய்லரின் முகப்பைக் கழற்றுவது நம் வேலையில்லை, அதற்குப் பதிவு பெற்றவர்தான் வர வேண்டும்.

மொத்தம் இருபது நிமிடம். மேடையில் விரித்த துண்டு காய்ந்தே இருந்தது. மனைவி வந்து பார்த்துவிட்டு அந்தத் துண்டை மடித்து அலமாரியிலேயே வைத்துவிட்டாள்.

இவ்வளவு நல்லபடியாகச் சொன்ன பிறகும் தம்பி, நீங்கள் இந்த ரகத்தை வாங்க வேண்டாம். உங்கள் பாய்லருக்குக் கீழே இடம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, மாட்ட வருபவர் கையேட்டைப் பார்ப்பாரா என்றும் தெரியாது. பக்கத்து வீட்டில் பித்தளை ஃபில்டர் ஒன்று இருக்கிறது. காந்தம் வெளியே பட்டைபோல் சுற்றியிருக்கும். பட்டையைக் கழற்றிவிட்டு அடியிலிருக்கும் குழாயைச் சில விநாடி திறந்தால் போதும், மூடியைக் கழற்றுகிற பேச்சே இல்லை. அதிலும் அழுத்தத்தோடுதான் தண்ணீர் வருகிறது. ஆனால் மூக்கு இருப்பதால் ரப்பர் குழாயை மாட்டி நேராக வாளியில் விட்டார்கள், ஒன்றும் தெறிக்கவில்லை. விலை கூடுதல்தான். நான் என்னுடையதை மாற்றப்போவதில்லை, இந்த டப்பாவின் குணம் எனக்குப் பழகிவிட்டது. நீங்கள் எதை வாங்கினாலும், ஆளை வரச்சொல்வதற்கு முன்னால் ஒருநாள் சொல்லுங்கள். டேப்போடு வந்து பாய்லருக்குக் கீழே நானே அளந்து பென்சிலால் கோடு போட்டுவிட்டு வருகிறேன்.